பம்பரின் பாதி விலை

ஷோரூமிலிருந்து எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத கார். அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்து பம்பர் கிழிந்துவிடுகிறது. உரிமையாளரிடம் இருப்பது பேச்சு வழக்கில் 'ஃபுல் இன்சூரன்ஸ்'. இருந்தாலும் புது பம்பரின் விலையில் பாதியை அவர் கையிலிருந்துதான் கட்டவேண்டும். காப்பீட்டு நிறுவனம் ஏமாற்றுகிறது என்று சர்வீஸ் கவுண்டரில் சத்தம் போடுவார். நிறுவனம் ஏமாற்றவில்லை. பாலிசித் தாளின் உள்பக்கத்தில், பொதுவாக யாரும் படிக்காத ஓர் அட்டவணையில், அது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

அந்த அட்டவணை 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளில் உள்ளது. 2007 ஜனவரியில் வாகனச் சேதக் காப்பீட்டுக்கான பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று கட்டுப்பாடு தளர்ந்தது. விலை மாறியது, பாலிசியின் வாசகம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்பு உள்ளிட்ட மற்றவற்றுக்கு வண்டியின் வயதுதான் கணக்கு: ஆறு மாதம்வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம்வரை 5 சதவீதம், இரண்டு வருடம்வரை 10, மூன்றுவரை 15, நான்குவரை 25, ஐந்துவரை 35, பத்துவரை 40, அதற்கு மேல் 50. பெயிண்டிங்கில் பொருள் செலவில் பாதி போகும். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்கப்படாமல் இருந்தால் மொத்தத்தில் கால் பங்கைப் பொருள் என்று வைத்துக்கொள்வார்கள். அதே பாலிசியின் இன்னொரு நிபந்தனை, நிறுவனத்திடம் கேட்காமல் உரிமையாளரே ரிப்பேருக்குச் சம்மதம் தரலாம், செலவு 500 ரூபாயைத் தாண்டாத வரை என்கிறது. இன்றைக்கு 500 ரூபாய்க்கு ஒரு சைடு மிரரின் மூடிகூட வராது. அந்த வாசகத்தின் வயதைச் சொல்ல இது ஒன்றே போதும்.

தேய்மானம் கழிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. காப்பீட்டின் அடிப்படை இழப்பை ஈடுசெய்வது. விபத்தைக் காரணம் காட்டி யாரும் முன்பைவிட நல்ல நிலைக்குப் போய்விடக்கூடாது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த டயர் விபத்தில் வெடித்து, அதற்குப் பதிலாகப் புது டயர் கிடைத்தால், பாதி டயரின் உழைப்பு இனாமாக வந்ததாகத்தான் அர்த்தம். டயருக்கும் பேட்டரிக்கும் இந்தத் தர்க்கம் சரியாகப் பொருந்துகிறது.

பம்பருக்கு எப்படிப் பொருந்தும்? ஓடுவதால் பம்பர் தேய்வதில்லை. அது ஓடாகத் தேய்ந்து பாதியாகி, விபத்து வந்து புதியதாகிவிட்டது என்று யாரும் சொல்லமுடியாது. அப்படியே வெயிலில் வெளிறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மாத வண்டியின் பம்பருக்கும் ஒன்பது வருட வண்டியின் பம்பருக்கும் ஒரே 50 சதவீதம் எப்படி வரும்? இரும்புக்கு வயது பார்க்கும் அட்டவணை பிளாஸ்டிக்குக்குப் பார்ப்பதில்லை. ஏர்பேக் இன்னும் விசித்திரம். மடித்து வைத்த நிலையில் வருடக்கணக்கில் எந்த வேலையும் செய்யாமல், ஒரே ஒரு முறை விரிவதற்காகவே காத்திருக்கும் பொருள் அது. அது தன் கடமையைச் செய்து ஆளைக் காப்பாற்றிய அன்றைக்கு, உரிமையாளர் அதன் பாதி விலையைத் தரவேண்டியிருக்கிறது.

2002-இல் இது அவ்வளவாக உறுத்தியிருக்காது. அன்று சாலைகளில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் பம்பர் இரும்பு, ஹெட்லைட்டின் முகம் கண்ணாடி, ஏர்பேக் கிடையாது. இன்றைய காரின் முன்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பர், கிரில், ஃபாக் லைட் மூடி, ஃபெண்டருக்குள் இருக்கும் லைனர், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள உறை எல்லாம் பிளாஸ்டிக். ஹெட்லைட்டின் முகம் பாலிகார்பனேட், அதுவும் பிளாஸ்டிக்தான். ஆகவே கண்ணாடிக்கான சலுகை அதற்கு இல்லை. ஓட்டுநருக்கான ஏர்பேக்கை 2019 ஜூலையிலும், முன்னிருக்கைப் பயணிக்கானதை 2021-இலும் அரசே கட்டாயமாக்கியது. அட்டவணை ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் கார் மாறிய மாற்றத்தில், 50 சதவீத வரிசைக்குள் வந்து விழும் பாகங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. யாரும் முடிவெடுக்காமலே உரிமையாளரின் பங்கு கூடியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் உதாரணத்துக்கு. மூன்றரை வருடமான, 1,500 சிசிக்கு உட்பட்ட கார், முன்பக்கம் அடி. பம்பர் 8,000, ஹெட்லைட் 12,000, பானட் 14,000, ஃபெண்டர் 6,000, ரேடியேட்டர் 9,000, முன் கண்ணாடி 10,000, டிங்கரிங் உள்ளிட்ட கூலி 12,000, பெயிண்டிங் 16,000. மொத்தம் 87,000 ரூபாய். பம்பரில் 4,000, ஹெட்லைட்டில் 6,000 போகிறது. பானட், ஃபெண்டர், ரேடியேட்டர் மூன்றிலும் கால் பங்கு, அதாவது 3,500, 1,500, 2,250. பெயிண்டில் 2,000. கண்ணாடியிலும் கூலியிலும் கழிவில்லை. ஆக 19,250. அதற்கு மேல், ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளரே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கூலன்ட், ஆயில், கிளிப், நட்டு, போல்ட்டு என்று ஒரு சில்லறைப் பட்டியல் தனியாக வரும், அதையும் பொதுவாக ஏற்கமாட்டார்கள். பாகங்களின் மொத்த விலையான 59,000 ரூபாயில் பம்பரும் ஹெட்லைட்டும் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கழிவில் பாதிக்கு மேல் அவை இரண்டாலும்தான் வருகிறது. இதே விபத்து ஒரு மாத வண்டிக்கு நடந்திருந்தாலும் 12,000 ரூபாய் கழிந்திருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்க நிறுவனங்களே ஒரு பொருளை விற்கின்றன: 'ஜீரோ டெப்'. கூடுதல் பிரீமியம் கட்டினால் தேய்மானம் பார்க்காமல் தருவார்கள். அட்டவணை எடுத்துக்கொண்டதைத் தனி விலைக்குத் திருப்பி விற்கும் ஏற்பாடு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் பொய்யென்று சொல்லமுடியாது. புது வண்டிக்கு அதை வாங்குவது புத்திசாலித்தனம்தான். அதிலும் வரம்புகள் உண்டு: பல நிறுவனங்கள் வருடத்துக்கு இரண்டு கிளெய்முக்கு மேல் அனுமதிப்பதில்லை, டயரும் பேட்டரியும் பெரும்பாலும் வெளியே, வண்டிக்கு ஐந்து வயதானதும் பொதுவாக இந்தக் கதவு சாத்தப்படுகிறது. அட்டவணை கடுமையாக ஆகும் வயதில்தான் பாதுகாப்பு விலகிக்கொள்கிறது.

ஜீரோ டெப் இருந்தாலும் தீராத தகராறு ஒன்று உண்டு. அது எவ்வளவு தருவார்கள் என்பதல்ல. மாற்றுவதா, சரிசெய்வதா என்பது.

பட்டறையில் வண்டி நிற்கிறது. சர்வீஸ் அட்வைசர் எஸ்டிமேட் போட்டு வைத்திருக்கிறார், முப்பது வரி. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறிக்கிறார்: இது மாற்றலாம், இது டிங்கரிங்கில் சரியாகும், இது பழைய அடி, இந்த விபத்தில் பட்டதல்ல. ஹெட்லைட்டின் முகத்தில் கீறல்கூட இல்லை. பின்னால் அதை பாடியோடு பிடித்து நிறுத்தும் காதுகளில் இரண்டு உடைந்திருக்கின்றன. காதை ஒட்டிச் சமாளிக்கலாம் என்பது சர்வேயர் கணக்கு. ஒட்டிய காது மேடுபள்ளச் சாலையில் ஆறு மாதம் தாங்காது, வெளிச்சம் ஆடும், முழு ஹெட்லைட்டும் மாற்றியாகவேண்டும் என்பது பட்டறையின் வாதம். பம்பர் ஓரத்தில் கிளிப் மாட்டும் பற்கள் உடைந்திருந்தாலும் இதே கதைதான். உரிமையாளர் நடுவில் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். பெரும்பாலும் அவர் அங்கே இருப்பதுகூட இல்லை. போனில் 'சார், சர்வேயர் அலவ் பண்ணலை, டிஃபரன்ஸ் நீங்க கட்டணும்' என்று ஒரு வரி வருகிறது.

இதில் பட்டறையை நல்லவனாகவும் சர்வேயரைக் கெட்டவனாகவும் வைத்துப் பார்ப்பது வசதியானது, சரியானதல்ல. கம்பெனி பட்டறைக்குப் பாகத்தை விற்றால் லாபம். டிங்கரிங்கில் நேரமும் உழைப்பும் அதிகம், வரவு குறைவு. நெளிந்த கதவைத் தட்டி எடுக்கத் தெரிந்த கை ஒரு பட்டறையில் இல்லாதபோதும் 'மாற்றித்தான் ஆகவேண்டும்' என்றே சொல்வார்கள். தொழிற்சாலையில் அடித்த வெல்டிங்கை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதைவிட, சிறிய நெளிவைத் தட்டிச் சரிசெய்வது பல நேரம் வண்டிக்கே நல்லது. மறுபக்கம், சர்வேயர் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்றவர், தனித்து நின்று மதிப்பிடவேண்டியவர். ஆனால் அவருக்குக் கட்டணம் தருவது காப்பீட்டு நிறுவனம். மோட்டார் கிளெய்ம் 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் உரிமம் பெற்ற சர்வேயரே தேவையில்லை, நிறுவனத்தின் ஆளே போன் கேமராவில் பார்த்து முடித்துவிடலாம். பாலிசியின் வாசகமோ, பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமாகத் தருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு என்கிறது. அதே வாசகத்தில் 'நியாயமான, உண்மையான செலவு' என்ற சொற்களும் இருக்கின்றன. தகராறு முழுக்க அந்த இரண்டு சொற்களின் மேல்தான் நிற்கிறது.

இப்போது பல கார்களின் பாலிசியை விற்பதும் காரை விற்ற அதே டீலர்தான். 2017-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கென்று தனி நெறிமுறை வகுத்து டீலர்களை அங்கீகரித்தது. காரை விற்றவர், பாலிசி விற்றவர், ரிப்பேர் செய்பவர், பாகம் விற்பவர் என்று நான்கு வேடம் ஒரே இடத்தில். உரிமையாளருக்காகப் பேசவேண்டிய அட்வைசர், நிறுவனத்தோடு நாளை மறுநாளும் வியாபாரம் நடத்தவேண்டியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பாகத்தின் விலையே எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை கேட்டார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346.46 கோடி, மாருதி சுசுகிக்கு 471.14 கோடி. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்கவிடாமலும், வெளிப் பட்டறைகளுக்குப் பழுது கண்டறியும் கருவிகளைத் தராமலும் சந்தையை அடைத்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பாகங்களின் விலையை வழக்கமாக 100 சதவீதமும், சிலவற்றில் ஏறத்தாழ 5,000 சதவீதமும் ஏற்றி விற்றதாக ஆணையம் சொன்னது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், ஆணையத்தின் அதிகாரத்தையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அதற்கான உத்தரவு 2015 ஜூலையில் தனியாக வந்தது, அபராதம் 420.26 கோடி. வழக்குகள் மேல்முறையீடுகளில் இழுத்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தன்முன் வந்த மூன்று நிறுவனங்களின் குற்றத்தை ஏற்று, அபராதத்தைக் குறைத்தது. இந்த உத்தரவுகளில் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு தரப்பே இல்லை. ஆனால் ஹெட்லைட் 12,000 ரூபாயா 5,000 ரூபாயா என்பதுதான் உரிமையாளர் கட்டவேண்டிய பாதி 6,000-மா 2,500-ஆ என்பதைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் சண்டை வேறு முனையில் நடந்தது. அங்கே தேய்மானத்தை டயர், பேட்டரி போன்ற தேயும் பொருட்களோடு நிறுத்திக்கொள்வதே பொது வழக்கம். காப்பீட்டு நிறுவனங்கள் செலவைக் குறைத்தது வேறு வழியில்: கார் தயாரிப்பாளர் அல்லாத பிறர் செய்த மலிவான பானட்டையும் ஃபெண்டரையும் எஸ்டிமேட்டில் எழுதினார்கள். சென்னை ஜி.பி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் 'கம்பெனி வேணுமா, லோக்கல் போதுமா' என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியைக் காப்பீட்டு நிறுவனமே உரிமையாளருக்காக முடிவுசெய்துவிட்டது. 1999-இல் இலினாய் மாநிலத்தின் மேரியன் என்ற சிற்றூரில், ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்துக்கு எதிரான கூட்டு வழக்கில் ஏறத்தாழ 119 கோடி டாலர் தீர்ப்பானது. விபத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் தரம் குறைந்த பாகம் போட்டார்கள் என்பது வாதம். தீர்ப்பு வந்தவுடன் நிறுவனம் அத்தகைய பாகங்களை எழுதுவதை நிறுத்தியது. 2005-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு முழுவதையும் ரத்துசெய்தது. பல மாநிலங்களில் பலவிதமான பாலிசிகள் வைத்திருந்தவர்களை ஒரே கூட்டமாகச் சேர்த்திருக்கவே கூடாது என்றது. கார் நிறுவனங்கள் வேறு கதவைத் தட்டின. ஃபோர்டு தன் எஃப்-150 வண்டியின் பானட், ஹெட்லைட் வடிவங்களுக்கு வாங்கியிருந்த காப்புரிமை செல்லும் என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மலிவு பாகம் செய்பவரை இப்படியும் தடுக்கலாம்.

பாகம் மட்டும் அசலாக இருந்தால் போதாது என்பதற்கு டல்லாஸ் நகர வழக்கு ஒன்று சாட்சி. ஆலங்கட்டி மழையில் சேதமான ஒரு 2010 ஹோண்டா ஃபிட் காரின் கூரையை மாற்றிய பட்டறை, ஹோண்டா சொன்னபடி வெல்டிங் செய்யாமல் பசை போட்டு ஒட்டிவிட்டது. அதை அறியாமல் அந்த வண்டியைப் பிறகு வாங்கிய தம்பதி ஒரு மோதலில் கடுமையாகக் காயமுற்றார்கள். 2017-இல் நடுவர் குழு பட்டறைக்கு எதிராக 3.15 கோடி டாலர் இழப்பீடு என்றது. நம் ஊரில் எந்த எஸ்டிமேட்டிலும் பாகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். எந்த முறையில் பொருத்தப்படும் என்பது இருக்காது.

இங்கே உரிமையாளர் என்ன செய்யலாம்? முதலாவது, முதல் எஸ்டிமேட்டை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே கண்டென்சர் நசுங்கியிருப்பதும் குறுக்குச் சட்டம் வளைந்திருப்பதும் தெரியும். கழற்றிய நிலையில் இரண்டாம் முறை சர்வேயரை வரவழைத்துக் காட்டாமல் புதியதைப் பொருத்திவிட்டால் அந்தப் பாகத்துக்கான பணம் போனதுபோலத்தான். கழற்றிய பழைய பாகங்களையும் மறு ஆய்வு முடியும்வரை தூக்கி எறிய விடக்கூடாது. இரண்டாவது, 'அலவ் பண்ணலை' என்பதை வாய்மொழியாக ஏற்கக்கூடாது. எந்த வரி, என்ன காரணம் என்று மின்னஞ்சலில் கேட்கவேண்டும். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்கவேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தரவேண்டும். அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்லவேண்டும்.

சர்வேயர் எழுதியது கல்வெட்டல்ல என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விபத்துக்குள்ளான ஒரு லாரியின் ரிப்பேர் செலவு தொடர்பாக நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நடத்திய வழக்கில், சர்வே அறிக்கை இழப்பீட்டுக்கு அடிப்படையாக அமையலாம், ஆனால் அதுவே இறுதியானதோ மீறக்கூடாததோ அல்ல என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. உண்மையில் மாற்றிய பாகங்களுக்கு உரிய பில் கையில் இருந்தது அங்கே எடுபட்டது. அதேபோல், 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டாலே எல்லாம் முடிந்துவிடாது. நெருக்கடியிலோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்று நிரூபித்தால் நுகர்வோர் மன்றம் போகலாம் என்பது 1999 முதலே உள்ள நிலை. நடைமுறையில், வண்டி வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு என்கிற இடத்தில்தான் அந்த நெருக்கடி இருக்கிறது. 'மறுப்புடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போடுவது நல்லது.

நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய்வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னையில். ஐந்தாயிரம் ரூபாய் ஹெட்லைட் தகராறுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வருடக்கணக்கில் அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்காரர்கள் இந்தப் படியெல்லாம் ஏறுவதே இல்லை. எட்டு வருட வண்டியின் கதவு நசுங்கினால், புதுக் கதவில் 40 சதவீதம் போகும், கட்டாயக் கழிவு போகும், அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸும் போகும். வருடா வருடம் ஏறி 50 சதவீதம்வரை வந்திருக்கும் தள்ளுபடி அது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகிறார். அதே மாடல், அதிர்ஷ்டம் இருந்தால் அதே நிறத்தில், கழற்றி வைத்த கதவு கிடைக்கிறது. அங்கே கிடக்கும் வண்டிகளில் சில, மீட்டுப் பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் நிறுவனங்களே 'டோட்டல் லாஸ்' என்று முடித்துச் சால்வேஜாக விற்றவை. நிறுவனம் விற்ற கதவை நிறுவனத்தின் கிளெய்மில் சேர்க்கமுடியாது. பெரும்பாலும் முறையான பில் இருக்காது, பாலிசிக்கும் பழைய பாகம் என்ற ஒன்று தெரியாது.

பிரான்சில் 2017 ஜனவரி முதல், பழைய வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்களைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டியது பட்டறைகளின் கடமை. பிரேக், ஸ்டியரிங் போன்ற பாதுகாப்பு உறுப்புகள் அதில் அடங்காது. இங்கே அதையே, கட்டாயக் கழிவை விட்டுவிட்டு, கணக்காகப் போட்டால்: பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு 16,000 ரூபாய்ப் புதுக் கதவு என்றால் நிறுவனத்துக்கு 8,000, உரிமையாளருக்கு 8,000. ரசீதோடு 5,000 ரூபாய்க்குப் பழைய கதவு கிடைத்து, அதை முழுதாக ஏற்றால் நிறுவனத்துக்கு 5,000, உரிமையாளருக்கு ஒன்றுமில்லை. பழைய பாகத்தில் தேய்மானம் ஏற்கெனவே விலையிலேயே இறங்கியிருப்பதால் மறுபடி கழிக்கவேண்டிய நியாயமும் இல்லை. 2021-இல் வந்த வாகன அழிப்பு மைய விதிகள், முறையாகப் பதிவுசெய்த இடங்களில் வண்டியைப் பிரிக்க வழி செய்திருக்கின்றன. ஆகவே ரசீது ஒரு பெரிய தடையாக இருக்கத் தேவையில்லை. ஏர்பேக், சீட் பெல்ட் இரண்டையும் இதில் தொடவே கூடாது. கதவு, பானட், டிக்கி, கண்ணாடி, பம்பர் போதும். நட்டப்படப் போவது புதுக் கதவு விற்கிறவர்கள் மட்டும்தான். அவர்களில் பலர் இன்று பாலிசியையும் விற்கிறார்கள்.